மகனுக்கு சிங்கப்பூர் நிரந்தரவாசம் வாங்கலாமா? கையெழுத்திடும் முன் ஓர் ஒப்பீடு

"மகனுக்கு ஒன்பது வயது. ஆறு ஆண்டுகளாக எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறோம். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் பையன் ராணுவத்துக்குப் போக வேண்டுமாமே?"

ஆட்கள் மாறினாலும் இந்தக் கேள்வி மாறாமல் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர் பெரும்பாலும் அப்பா. அந்த "வேண்டுமாமே"யில் ஒரு நப்பாசை ஒளிந்திருக்கும்: எங்காவது ஒரு சந்து இருக்கும், விவரம் தெரிந்தவர் காட்டுவார் என்று. சந்து ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், அதன் வாடகையோடு.

நான் பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டவன். என் மகன் சேவையை முடித்துவிட்டான். ஆகவே என்னை நடுநிலையாளனாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விதி சுருக்கமானது. சிங்கப்பூரின் ஆண் குடிமக்களும் ஆண் நிரந்தரவாசிகளும் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு செய்துகொண்டு, பதினெட்டு வயதானதும் சேர வேண்டும். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். முன்கூட்டியே உடற்தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு இரண்டு மாதம் குறையும். ஆயுதப் படையா, காவல்துறையா, குடிமைத் தற்காப்புப் படையா என்பதை அரசு முடிவு செய்யும். அதன் பிறகும் ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாட்கள் வரை போர்க்காலப் படைவீரராக அழைக்கப்படலாம்; அதிகாரிகளுக்கு 50 வயது வரை, மற்றவர்களுக்கு 40 வரை. தன் வேலையின் அடிப்படையில் நிரந்தரவாசம் பெறும் அப்பாவுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அவருடைய விண்ணப்பத்தில் ஒட்டிக்கொண்டு நிரந்தரவாசியாகும் மகனுக்கு விலக்கு கிடையாது. மகள்களுக்கு எந்தக் கடப்பாடும் இல்லை. இரண்டு பெண்களைப் பெற்றவர்கள் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுப் படிவத்தை எடுக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும். மகனின் படிப்பிலும் வயதிலும் எவ்வளவு போகும்? குடும்பத்துக்குப் பணக் கணக்கு என்ன? எந்தக் கதவுகள் பின்னால் மூடிக்கொள்ளும்? நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: இந்தக் கடன் உண்மையில் யாருடையது?

நான்காவதையே முதலில் எடுக்கிறேன். அது தெளிவானால் மற்ற மூன்றும் வெறும் கணக்குதான்.

## கடன் யாருடையது

ஒரு நாட்டுக்காக ஆயுதம் ஏந்தும் கடமை ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? பிறப்பால் என்றால், தஞ்சாவூரிலோ சென்னையிலோ பிறந்து, கையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையனுக்குச் சிங்கப்பூரிடம் எந்தக் கடனும் இல்லை. அவனுடைய கடன் இந்தியாவுக்கு. இந்திய அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு, நாட்டைக் காப்பதும் அழைக்கும்போது தேசியப் பணியாற்றுவதும் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்றே சொல்கிறது. 1976இல் 42ஆவது திருத்தம் சேர்த்த வரி அது. ஆனால் சுதந்திர இந்தியா யாரையும் கட்டாயப்படுத்திப் படையில் சேர்த்ததில்லை. அந்த வரியை மீறியதற்காக யாரும் சிறைக்குப் போனதும் இல்லை. ஆக, நம் பையன் குடிமகனாக இருக்கும் நாட்டில் கடமை தாளில் இருக்கிறது. குடிமகனாக இல்லாத நாட்டில் அதே கடமை பதினெட்டு வயதில் கதவைத் தட்டுகிறது. இந்த விசித்திரத்தை நான் இன்றுவரை முழுதாகச் செரித்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூர் சொல்லும் நியாயம் நமக்குப் பழக்கமானதுதான். செஞ்சோற்றுக் கடன். இந்த மண்ணின் பாதுகாப்பில் வளர்ந்தாய், இங்கே படித்தாய், இரவு பன்னிரண்டு மணிக்கு உன் அக்கா தனியாக ரயிலில் வந்தாள். அதைக் காக்கும் முறை வரும்போது நில் என்கிறது. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அந்த நாட்டிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். 1967இல் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது. அந்த ஆகஸ்டில் முதல் அணியாகச் சேர்ந்தவர்கள் 900 பேர். அடுத்த ஆண்டே பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. மக்கள்தொகை குறைந்த ஒரு தீவு கூலிப்படையை நம்பாமல் இருக்க வேறு வழி என்ன என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தேசிய சேவை தொடங்கியதிலிருந்து அந்நாடு எவரோடும் போரில் இறங்கியதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மனசாட்சி ஒப்பவில்லை என்று சொல்லி விலகவும் அங்கே இடமில்லை. மத நம்பிக்கையால் ஆயுதம் தொட மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் ராணுவத் தடுப்புக் காவலுக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டில் கொல்லாமையை உண்மையாகவே விரதமாகக் கொண்டவர்கள் இருந்தால், படிவத்தைத் தொடும் முன் இதை யோசியுங்கள்.

செஞ்சோற்றுக் கடன் என்றே வைத்துக்கொள்வோம். கர்ணன் சோற்றைத் தானே ஏற்றுக்கொண்டான், கடனையும் தானே தீர்த்தான். இங்கே சோற்றை ஏற்றுக் கையெழுத்திடுவது அப்பா, தீர்ப்பது பிள்ளை. எனக்கு உறுத்துவது இந்த ஓர் இடம்தான். கடன் தவறு என்று நான் சொல்லவில்லை. இன்னொருவர் பெயரில் வாங்குகிறோம் என்பது தெரிந்து வாங்க வேண்டும் என்கிறேன்.

## வழி ஒன்று: நிரந்தரவாசம் வாங்குவது, மகன் சேவை செய்வது

பணக் கணக்கில் இது வலுவான வழி. உள்ளூர்ப் பள்ளியில் வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணம் நிரந்தரவாசி கட்டுவதைப் போலப் பல மடங்கு. மூன்று ஆண்டுகள் நிரந்தரவாசிகளாக இருந்த குடும்பம் மறுவிற்பனைச் சந்தையில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கலாம். வேலை போனால் பெட்டி கட்ட வேண்டிய பதற்றம் இல்லை. மத்திய சேம நிதியில் முதலாளியின் பங்கும் சேரும்.

மகனின் பக்கம்: தொடக்கக் கல்லூரியையோ (நம்மூர் பன்னிரண்டாம் வகுப்பு போன்றது) பலதுறைத் தொழிற்கல்லூரியையோ (பாலிடெக்னிக்) முடித்த பிறகுதான் பெரும்பாலும் சேவை. பல்கலைக்கழகப் படிப்புக்காகத் தள்ளிப்போட முடியாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இடத்தைப் பிடித்து வைக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் கேட்டால் வைக்கும். இந்தியாவுக்குத் திரும்பிப் படிக்க நினைப்பவர்கள்தான் இடறுவார்கள். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்வை எழுத, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அதே ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ எழுதியிருக்க வேண்டும். இரண்டாண்டு சேவையை முடித்துவிட்டு வருபவனுக்கு அந்த வாசல் அடைத்துவிடும். ராஜஸ்தானின் கோட்டா நகரில் ஐஐடி பயிற்சி வகுப்பு, சிங்கப்பூரில் நிரந்தரவாசம் என்று இரண்டு தோணியில் கால் வைத்த ஒரு குடும்பம் இதைப் பதினேழாவது வயதில்தான் கண்டுபிடித்தது.

சேர்ந்த பையனுக்கு மாதப்படி 800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) சற்றுக் குறைவு. அதைச் சம்பளம் என்று சொல்லி மகனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். அவனோடு படித்த பெண்கள் இரண்டாண்டு முன்னால் போய்விடுவார்கள். சென்னையிலிருக்கும் அத்தை மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருப்பான். இது சின்ன விஷயம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் அது சின்ன விஷயமில்லை.

ஆபத்து இல்லையா? உண்டு, அரிது. 2019 ஜனவரியில் நடிகர் அலோஷியஸ் பாங், போர்க்காலப் படைவீரராக நியூசிலாந்தில் பயிற்சியில் இருந்தபோது காயமுற்று இறந்தார். அதன் பிறகு ஆயுதப் படை முழுவதிலும் பயிற்சியின் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பு நடைமுறைகளைச் சீராய்ந்தார்கள். போர் இல்லாத நாட்டின் படையிலும் துப்பாக்கி துப்பாக்கிதான்.

மகனைச் சேர்க்கும் நாளில் பெற்றோரும் புலாவ் தேக்கோங் தீவுக்குப் படகில் போகலாம். உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம், படையினர் உணவுக்கூடத்தில் மகனோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சைவச் சாப்பாடும் இருந்தது; என் மனைவி அதில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழத் தொடங்கினாள். அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் மலாய் மொழியில். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், அணிவகுப்பில் மலாய் என்று ஒன்பது வாரத்தில் பையன் வேறு மாதிரி நிமிர்ந்து நின்றான். நண்பர்கள் என்று அவன் இன்று சொல்லும் ஆறேழு பேரும் அந்தத் தீவில் கிடைத்தவர்கள். எந்த அட்டவணையிலும் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மறைமுகச் செலவு: சேவையை முடித்துவிட்டால் குடியுரிமை தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் இல்லை. சேவை கணக்கில் எடுக்கப்படும், அவ்வளவே.

இன்னொன்று, இந்தியா பக்கத்தில். பின்னாளில் குடியுரிமை மாறி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கேட்கும் எண்ணம் இருந்தால், அயல்நாட்டுப் படையில் இருந்தவர்களுக்கு அந்த அட்டையின் விதிகளில் உள்ள தடை கட்டாயச் சேவைக்கு எப்படிப் பொருந்தும் என்று இந்தியத் தூதரகத்தில் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி இரண்டு: மகனை நிரந்தரவாசியாக்காமல் விடுவது

இதைச் சொன்னாலே சிலர் குற்றவாளியைப் போலக் குரலைத் தாழ்த்துகிறார்கள். தேவையில்லை. வாங்காத கடனுக்கு வட்டி கிடையாது. விருந்தாளியாக வந்து, வரி கட்டி, விருந்தாளியாகவே திரும்புவது முழுக்க நேர்மையான வழி.

செலவுதான் மெல்ல மெல்ல ஏறும். பள்ளிக் கட்டணத்தைச் சொல்லிவிட்டேன். அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதே நிச்சயமில்லை. அனைத்துலகப் பள்ளிக்கோ இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கோ போக நேரலாம். பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டண மானியம் வாங்கும் வெளிநாட்டு மாணவர் படித்து முடித்ததும் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். இரண்டாண்டு சேவையைத் தவிர்த்து மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மாட்டிய பிள்ளைகளும் உண்டு. சம்பளத்தோடுதான், மறுக்கவில்லை.

பலர் கவனிக்காத முள் ஒன்று இருக்கிறது. அப்பாவின் வேலை அனுமதியை நம்பிப் பையன் வைத்திருக்கும் சார்ந்திருப்போர் அட்டை 21 வயதோடு முடியும். அதன் பிறகு பையன் தன் சொந்தக் காலில் மாணவர் அட்டையோ வேலை அனுமதியோ பெற வேண்டும். அப்பாவும் அம்மாவும் மட்டும் நிரந்தரவாசிகளாகி மகனை விட்டுவிட்டால் சார்ந்திருப்போர் அட்டைக்கே வழியில்லை. அது வேலை அனுமதியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கானது. மாணவர் அட்டை அல்லது நீண்டகால வருகை அட்டை தேட வேண்டும். "பையனை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் தர மாட்டார்கள்" என்று ஒரு பேச்சு எல்லாத் தமிழ்க் குடும்ப விருந்துகளிலும் சுற்றுகிறது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் நிராகரிப்புக்குக் காரணம் சொல்வதில்லை. ஆகவே அந்தப் பேச்சுக்கு ஆயுள் அதிகம்.

ஐந்து, எட்டு ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பும் திட்டம் உண்மையாகவே இருந்தால் இதுதான் சரி. "உண்மையாகவே" என்ற சொல்லைக் கோடிட்டுப் படியுங்கள். திரும்பப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருபது ஆண்டுகள் இங்கே இருப்பவர்களில் நானும் ஒருவன்.

## வழி மூன்று: வாங்கிவிட்டு, பதினேழில் திருப்பிக் கொடுப்பது

சந்து என்று சொன்னது இதைத்தான். சிறுவயதில் நிரந்தரவாசம், குறைந்த கட்டணத்தில் பள்ளி, வீவக வீடு; சேரும் கடிதம் வரும் முன் மகனின் நிரந்தரவாசத்தை மட்டும் துறந்துவிட்டு, ஆஸ்திரேலியாவிலோ இந்தியாவிலோ கல்லூரி. சட்டப்படி முடியும்.

வாடகை இதோ. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தவன் பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அது அவனுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கப்படும். அவனோடு முடியாது. பெற்றோரின், உடன்பிறந்தவர்களின் விண்ணப்பங்களையும் புதுப்பிப்புகளையும் அது பாதிக்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளி கரையும். வளர்ந்து, ஏதோ ஒரு வங்கி அவனைச் சிங்கப்பூருக்கு மாற்றும்போது, தான் வளர்ந்த ஊருக்குள் ஏன் நுழைய முடியவில்லை என்று முப்பது வயது மனிதன் உங்களைக் கேட்பான்.

துறக்கவும் இல்லை, வரவும் இல்லை என்று வெளிநாட்டிலேயே தங்கிவிடுவது இதைவிட மோசம். அது குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பியானோ கலைஞர் மெல்வின் டான், சிறுவயதிலேயே இசை படிக்க லண்டன் போய் அங்கேயே குடிமகனாகிவிட்டவர். 2005இல் திரும்பி வந்து 3,000 வெள்ளி அபராதத்தோடு தப்பியபோது, பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். அபராத உச்சவரம்பு 5,000இலிருந்து 10,000 ஆனது அதற்கு அடுத்த ஆண்டுதான். புகழுக்கும் பணத்துக்கும் ஒரு விலை, ஈசூன் குடியிருப்பில் டாக்சி ஓட்டுபவரின் மகனுக்கு ஒரு விலை என்றால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும் என்பதை அரசு புரிந்துகொண்டது.

நான் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்ன நான்காவது அளவுகோலில் இது மட்டும்தான் தோற்கிறது: சோறும் வேண்டும், கடனும் வேண்டாம். ஒரே விலக்கு, மகனுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போதே குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகிறவர்கள். அது நழுவல் இல்லை, குடிபெயர்வு. ஆணையத்தின் ஏட்டில் அதுவும் சேவை செய்யாத துறப்பாகத்தான் ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

## வழி நான்கு: குடும்பத்தோடு குடியுரிமை

மகனைப் பொறுத்தவரை கடமை வழி ஒன்றில் உள்ளதுதான். வித்தியாசம், பின்கதவு இல்லை. இந்தியாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கேயே சாம்பலாகப் போகிறோம் என்று முடிவு செய்தவர்களுக்கு இதுவே தெளிவானது. மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

| | சேவை செய்யும் நிரந்தரவாசி | நிரந்தரவாசம் இல்லாமல் | வாங்கித் துறப்பது | குடியுரிமை |
|---|---|---|---|---|
| மகனின் காலம் | 22 முதல் 24 மாதம், பிறகு ஆண்டுதோறும் அழைப்பு | இழப்பில்லை. மானியம் வாங்கினால் மூன்றாண்டு ஒப்பந்தம் | இழப்பில்லை | சேவை செய்யும் நிரந்தரவாசிக்கு உள்ளதே |
| பள்ளிச் செலவு | குறைவு | மிக அதிகம் | பதினேழு வரை குறைவு | மிகக் குறைவு |
| மூடும் கதவு | ஐஐடி நுழைவு | 21 வயதில் சார்ந்திருப்போர் அட்டை | சிங்கப்பூர், குடும்பத்துக்கும் சேர்த்து | இந்தியக் குடியுரிமை |
| யாருடைய கடன் | அப்பா வாங்கி மகன் தீர்ப்பது | கடனே இல்லை | தீராமல் நிற்பது | குடும்பம் முழுவதன் கடன் |

## வயதுதான் கெடு

மகனுக்கு ஐந்துக்குள் என்றால், எந்த வழியும் திறந்தே இருக்கிறது, அவசரம் வேண்டாம். பதினொன்றை நெருங்கினால் முடிவெடுத்தாக வேண்டும். நிரந்தரவாசியான பையனுக்குப் பதின்மூன்று வயதானதும், மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினாலே வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டாண்டு, அதற்கு மேல் என்றால் பிணைத்தொகையும் கேட்கப்படலாம். அது குறைந்தது 75,000 வெள்ளி. பாட்டி வீட்டில் விட்டு ஊரில் படிக்க வைக்கலாம் என்ற யோசனை அப்போது விலையேறிவிடும்.

பதினைந்து வயதுப் பையனுக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அவனிடம் கேளுங்கள். பதினைந்து வயதுக்காரன் சோற்றின் பலனை அதிகம் அனுபவிக்கப்போவதில்லை, கடனை மட்டும் முழுதாகத் தீர்க்கப்போகிறான். அவன் சம்மதித்தால் சரி. ஒன்பது வயதுக்காரனிடமும் கேட்கலாம். பதில் முக்கியமில்லை, ஒருநாள் சீருடை போட வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருப்பதுதான் முக்கியம். நான் என் மகனிடம் அதைச் சொன்னது அவனுடைய பதினான்காவது வயதில். ஐந்து ஆண்டு தாமதம். அவன் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மகனுக்கு நாட்டுக் கடமையைப் பற்றிச் சொற்பொழிவாற்ற விரும்பும் அப்பாக்களுக்கு ஒரு தகவல். முதல் தலைமுறை நிரந்தரவாசிகளும் புதிய குடிமக்களும் பெண்களும் விரும்பிச் சேரக்கூடிய தொண்டூழியப் படைப்பிரிவு ஒன்றை ஆயுதப் படை 2014இல் தொடங்கியது. கட்டாயமில்லை. என் மகன் அந்த விண்ணப்பப் பக்கத்தை ஒருமுறை எனக்கு அனுப்பி வைத்தான், ஒரு சொல்லும் எழுதாமல். அப்போது எனக்கு வயது 44, வரம்பு 45. முதுகுவலி என்று பதில் எழுதினேன்.

இந்த ஆண்டும் அவனுக்குப் பயிற்சி அழைப்பு வந்திருக்கிறது. அலமாரியில் அவனுடைய படைப் பையின் மேலே இந்தியப் பாஸ்போர்ட் கிடக்கிறது, கருநீல அட்டையோடு. அவன் பிரிவில் மற்ற எல்லோருடையதும் சிவப்பு.